ஒரு தடவ ஃபெலனி ஆயிட்டா ஆயுசுக்கும் துப்பாக்கி கிடையாதா? அமெரிக்க கோர்ட்டுகள்ல நடக்குற இழுபறி

அமெரிக்காவுல லைசென்ஸ் உள்ள கடையில துப்பாக்கி வாங்கப் போனா மொதல்ல கையில குடுக்குறது ஒரு ஃபாரம், 4473-னு சொல்வாங்க. பேரு, அட்ரஸ், பொறந்த தேதி எல்லாம் எழுதி முடிச்சா வரிசையா ஆமா / இல்ல டிக் பண்ற கேள்விங்க வரும். அதுல ஒண்ணு கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: ஃபெலனியிலயோ, அதாவது சட்டத்துல பெரிய குற்றம்னு வகைப்படுத்துனதுலயோ, இல்ல ஜட்ஜ் ஒரு வருஷத்துக்கு மேல உள்ள போட்டிருக்க முடியுங்கிற வேற எந்தக் குற்றத்துலயோ நீங்க தண்டனை வாங்கியிருக்கீங்களா, கம்மியா கிடைச்சிருந்தாலும் சரி, ஜெயிலுக்கு அனுப்பாம கண்காணிப்புல வெளிய விடுற ப்ரொபேஷனோட விட்டிருந்தாலும் சரி. இந்தக் கேள்வியோட விஷமே அந்த "போட்டிருக்க முடியும்"ங்கிறதுலதான். நீங்க ஜெயில் வாசலையே மிதிச்சதில்லைனாலும், சட்டப் புத்தகத்துல அந்தக் குற்றத்துக்கு எவ்ளோ வரைக்கும் போடலாம்னு இருக்கோ அதான் கணக்கு.

இதுல மாட்டுன ஆள்தான் பென்சில்வேனியாவுல ரேஞ்ச்ங்கிறவரு. அவர் பேர்லயே கேஸ் ஃபேமஸ் ஆயிடுச்சு. 1995-ல இவருக்கு மூணு சின்னப் பசங்க, புல்லு வெட்டுற வேலை, மணிக்கு 9 டாலர், 9.50 டாலர்தான் கூலி. குடும்பத்துக்கு ஃபுட் ஸ்டாம்ப், அதாவது வருமானம் கம்மியா இருக்குறவங்களுக்கு அரசாங்கம் குடுக்குற சாப்பாட்டு உதவி, வாங்குறதுக்கு அப்ளிகேஷன் பூர்த்தி பண்ணது இவர் மனைவி, அதுல இவரோட வருமானத்தைக் காட்டல. ரெண்டு பேரும் கையெழுத்து போட்டது போட்டதுதான்னு குற்றத்தை ஒத்துக்கிட்டாரு. 2,458 டாலர் திருப்பிக் கட்டணும், 100 டாலர் ஃபைன், கோர்ட் செலவு 288 டாலர், மூணு வருஷம் ப்ரொபேஷன். ஜெயில் இல்ல. பென்சில்வேனியா சட்டத்துல அது ஃபெலனியே இல்ல, மிஸ்டிமீனர்தான், அதாவது அடுத்த படி கீழ. ஆனா அந்த மிஸ்டிமீனருக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் போடலாம்னு இருந்துச்சு. போச்சா. மூணு வருஷம் கழிச்சு துப்பாக்கி வாங்கப் போறாரு, பேக்ரவுண்ட் செக்ல தட்டிக் கழிச்சுட்டாங்க. ஏதோ சிஸ்டம் தப்பா காட்டுதுன்னு நினைச்சு மனைவி ஒரு மான் வேட்டை ரைஃபிள வாங்கி கிஃப்டா குடுத்துட்டாங்க, இவரும் வச்சிருந்தாரு. பல வருஷம் கழிச்சு இன்னொரு தடவ வாங்கப் போயி மறுபடியும் ரிஜெக்ட் ஆன பிறகுதான் என்ன விஷயம்னு தோண்டிப் பார்த்திருக்காரு, அப்போதான் 1995 கேஸ் இன்னும் துரத்துதுன்னே தெரியுது. உடனே அந்த ரைஃபிள ஒரு டீலர்கிட்ட வித்துட்டாரு. இதுக்கு அப்புறம் அவர் மேல இருந்த பெரிய குற்றம்னா லைசென்ஸ் இல்லாம மீன் புடிச்சது, கொஞ்சம் டிராஃபிக், பார்க்கிங் டிக்கெட்.

இந்த ஆளுக்கு ஆயுசு முழுக்கத் துப்பாக்கி கூடாதுன்னு அரசாங்கம் சொல்லலாமா? இதான் கேள்வி. கேக்குறதுக்கு சின்னதா இருந்தாலும் கடந்த சில வருஷமா அமெரிக்காவோட அப்பீல் கோர்ட்டுகள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் இழுத்துட்டு நிக்குற கேள்வி இது.

சட்டத்தை மொதல்ல பார்த்துடலாம். ஃபெடரல் சட்டத்துல, அதாவது நாடு முழுக்கப் பொருந்துற மத்திய சட்டத்துல, 922(ஜி)(1)னு ஒரு பிரிவு. ஒரு வருஷத்துக்கு மேல தண்டனை போடக்கூடிய குற்றத்துல தண்டிக்கப்பட்டவன் துப்பாக்கியும் வச்சிருக்கக் கூடாது, தோட்டாவும் வச்சிருக்கக் கூடாது. ஒரே ஒரு தோட்டா பாக்கெட்ல இருந்தாலும் கேஸ்தான். மாட்டுனா முன்னாடி 10 வருஷம் வரைக்கும் போடலாம்னு இருந்தது, 2022-ல பைடன் கையெழுத்து போட்ட சட்டம் அதை 15 ஆக்கிடுச்சு. மாநில சட்டத்துல மிஸ்டிமீனர்னு இருந்து அதிகபட்சம் ரெண்டு வருஷம்தான்னா அது கணக்குல வராது. இன்னொரு விதிவிலக்கு இருக்கு, அதைப் படிச்சப்போ எனக்கு சிரிப்பு வந்துடுச்சு: ஆன்டிடிரஸ்ட் மாதிரி, அதாவது கம்பெனிங்க கூட்டு சேர்ந்து விலை ஏத்துறது மாதிரி, பிசினஸ் குற்றங்கள் எல்லாம் இதுல சேராது. கோடிக்கணக்குல ஜனங்களை ஏமாத்தி விலை ஏத்துனவன் துப்பாக்கி வச்சுக்கலாம், ஃபுட் ஸ்டாம்ப் ஃபாரத்துல வருமானத்தை மறைச்சவன் வச்சுக்கக் கூடாது.

இதே 922(ஜி)ல வேற வேற பிரிவுகளும் இருக்கு. போதைப் பொருள் எடுக்குறவங்க, குடும்ப வன்முறை தடை உத்தரவு உள்ளவங்க, இப்படி. நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, ஹெச்1பி மாதிரி தற்காலிக விசாவுல இருக்குறவங்களுக்கும் இந்தத் தடை உண்டு, செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருந்தாதான் வச்சுக்கலாம், ஃப்ரெண்டோட ஷூட்டிங் ரேஞ்சுக்கு ஜாலியா போறோம்னு கிளம்புறவங்க யோசிச்சுட்டுப் போங்க. அப்புறம் 2024-ல இந்தப் பிரிவு ரெண்டு பெரிய குடும்பத்தையும் தொட்டுச்சு. ஹன்டர் பைடன் போதைப் பொருள் பிரிவுல குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு, டிசம்பர்ல அப்பாவே மன்னிப்பு குடுத்துட்டாரு. டிரம்ப்புக்கு நியூயார்க்ல 34 ஃபெலனி கவுன்ட், ஜெயில் எதுவும் போடாம விட்டுட்டாங்க, ஆனா மேல சொன்ன மாதிரி, இந்தச் சட்டத்துக்கு கிடைச்ச தண்டனை முக்கியம் இல்லயே.

சரி, இந்தத் தடை எவ்ளோ பழசு? நிறைய பேரு அமெரிக்கா உருவான காலத்துல இருந்தே இருக்குனு நினைச்சுப்பாங்க. இல்ல. 1938-ல வந்த ஃபெடரல் சட்டம் வன்முறைக் குற்றம் பண்ணவங்களைத்தான் தடுத்துச்சு, கொலை, கடத்தல், வீடு புகுந்து திருடுறது மாதிரி. 1961-ல அதைத் திருத்தி எல்லா ஃபெலனிக்கும் நீட்டிட்டாங்க. 1968-ல மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்து சுட்டுக் கொல்லப்பட்ட வருஷத்துல, இன்னைக்கு இருக்குற வடிவத்துல கன் கன்ட்ரோல் சட்டம் வந்துச்சு, வீட்டுல வச்சிருந்தாலே குற்றம்னு ஆச்சு. ஆக வரிமோசடி, செக் மோசடி பண்ணவன்கிட்ட இருந்தும் துப்பாக்கியப் புடுங்குற ஃபெடரல் சட்டத்துக்கு வயசு அறுபது சொச்சம்தான். இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி இதுலதான் எல்லாம் சுத்தும்.

ரொம்ப நாளா இது யாருக்கும் ஒரு பிரச்சனையாவே தெரியல, ஏன்னா துப்பாக்கி வச்சுக்கறது தனிமனுஷனோட அரசியல் சாசன உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் தெளிவா சொன்னதே 2008-லதான், ஹெல்லர் வழக்குல. வாஷிங்டன் டிசியோட கைத்துப்பாக்கித் தடைய 5-4ல தூக்கி அடிச்ச தீர்ப்பு அது. எழுதினவர் ஜஸ்டிஸ் ஸ்காலியா. அந்தத் தீர்ப்புலயே அவர் ஒரு வரியை உள்ள நுழைச்சு வச்சாரு: ஃபெலன்களும் (ஃபெலனியில தண்டனை வாங்குனவங்க) மனநலம் பாதிச்சவங்களும் துப்பாக்கி வச்சிருக்கக் கூடாதுங்கிற நெடுநாள் தடைகளை நாங்க சந்தேகப்படல, அதெல்லாம் செல்லும்னே வச்சுக்கங்கன்னு. அதுக்கு வரலாற்று ஆதாரம் என்னன்னு ஒண்ணும் சொல்லல. அந்த விதிவிலக்கு எல்லாம் எங்க முன்னாடி வரும்போது அதோட வரலாறைப் பேசிக்கலாம், டைம் இருக்குன்னு விட்டுட்டாரு. வழக்கு ஃபெலன்களைப் பத்தினதே இல்ல, சும்மா போற போக்குல சொன்னது, ஆனா அடுத்த பதினாலு வருஷம் கீழ் கோர்ட்டுங்க எல்லாம் அந்த ஒரு வரியப் புடிச்சுக்கிட்டே வந்த மனுவை எல்லாம் தள்ளுபடி பண்ணிட்டு இருந்தாங்க.

அப்பவே எதிர்க்குரல் குடுத்தவங்க இல்லாம இல்ல. 2019-ல சிகாகோ அப்பீல் கோர்ட்டுக்கு கான்டர்னு ஒரு வழக்கு வந்துச்சு. சர்க்கரை நோயாளிங்களுக்கு ஷூவுக்குள்ள வைக்கிற விசேஷ பேட் விக்கிற கம்பெனி ஓனர், மெடிகேர்ங்கிற அரசு மருத்துவக் காப்பீட்டோட விதிப்படி இல்லாத சரக்கை இருக்குற மாதிரி காட்டி வித்து மாட்டுனவரு. ஒரு வருஷமும் ஒரு நாளும் ஜெயில், 50,000 டாலர் ஃபைன், சிவில் செட்டில்மென்ட்ல மெடிகேருக்கு 2.7 கோடி டாலருக்கு மேல கட்டுனாரு. ஏழையும் இல்ல, அப்பாவியும் இல்ல. ஆனா வன்முறை துளியும் இல்ல. ரெண்டு ஜட்ஜ் தடை செல்லும்னாங்க. மூணாவது ஜட்ஜ் மறுப்பு எழுதுனாங்க: வரலாறுல ஆபத்தான ஆளுங்ககிட்ட இருந்து ஆயுதத்தைப் புடுங்குற அதிகாரம் இருந்திருக்கு, ஃபெலன்ங்கிற ஒரே காரணத்துக்காகப் புடுங்குற அதிகாரம் இருந்ததில்லைன்னு. அந்த மூணாவது ஜட்ஜ் பேரு ஏமி கோனி பேரட். அடுத்த வருஷமே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. அதனாலதான் இந்த வழக்குகளை நடத்துற வக்கீல்கள் எல்லாம் அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கண்ணு வச்சிட்டே இருக்காங்க.

வெடி வெடிச்சது 2022 ஜூன்ல. புரூயன் வழக்கு. நியூயார்க்ல வெளியில துப்பாக்கி எடுத்துட்டுப் போகணும்னா தனியா காரணம் காட்டணும்ங்கிற பழைய சட்டத்தை 6-3ல ரத்து பண்ணாங்க. ரத்து பண்ணதைவிட அதுக்கு ஜஸ்டிஸ் தாமஸ் வச்ச புது அளவுகோல்தான் பெருசு. இனிமே துப்பாக்கிச் சட்டம் எதுவா இருந்தாலும், இதனால பொதுமக்களுக்கு நல்லதா கெட்டதான்னு தராசுல வைக்கிற வேலையே வேண்டாம், அந்தச் சட்டம் அமெரிக்காவோட வரலாற்று வழக்கத்தோட ஒத்துப் போகுதான்னு அரசாங்கம் நிரூபிக்கணும். முக்கியமா 1791-ல, உரிமைகள் சாசனம் வந்த காலத்துல, இது மாதிரி சட்டம் இருந்துச்சான்னு காட்டணும். மேல சொன்ன 1961, 1968 இப்போ ஞாபகம் வருதா? நூத்தி எழுபது வருஷம் லேட்டா வந்த சட்டத்துக்கு 1791-ல கொள்ளுத்தாத்தா தேடணும்.

அவ்ளோதான், நாடு முழுக்க ஃபெலன் கேஸ்ல மாட்டுனவங்களோட வக்கீல்கள் எல்லாம் மனு போட ஆரம்பிச்சுட்டாங்க. அரசு வக்கீல்கள் காலனி காலத்து சட்டப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பிச்சாங்க. என்ன கிடைச்சுச்சுன்னா, ஃபெலன்கிட்ட துப்பாக்கி கூடாதுன்னு நேரடியா ஒண்ணும் கிடைக்கல. கிடைச்சது வேற: இங்கிலாந்துலயும் காலனிகள்லயும் கத்தோலிக்கர்கள்கிட்ட இருந்து ஆயுதம் பறிச்சது, புரட்சிக் காலத்துல விசுவாச உறுதிமொழி எடுக்க மாட்டேன்னவங்ககிட்ட பறிச்சது, அடிமைகளும் பூர்வகுடி மக்களும் ஆயுதம் வச்சிருக்கக் கூடாதுன்னு போட்டது. இதைப் படிக்கும்போதே நெளிய வைக்குது. இன்னைக்கு கோர்ட்ல ஒரு நிமிஷம் நிக்காத சட்டங்களை, பாருங்க அந்தக் காலத்துலயே ஒரு பிரிவு மக்களை மொத்தமா ஒதுக்கி வைக்கிற அதிகாரம் இருந்துச்சுன்னு அமெரிக்க அரசோட ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டே எடுத்து வச்சு வாதாடுது. அதை ஏத்துக்கிட்ட ஜட்ஜுகளும் உண்டு.

ரெண்டாவது வாதம் இன்னும் கறாரானது. அந்தக் காலத்துல ஃபெலனிக்கு மரண தண்டனையும் சொத்து பறிமுதலும் இருந்துச்சே, உயிரையே எடுக்கலாம்னா துப்பாக்கிய எடுக்கக் கூடாதா? பெருசுக்குள்ள சிறுசு அடக்கம்ங்கிறாங்க. 2024-ல டெக்சாஸ் பக்கத்து அஞ்சாவது சர்க்யூட் (சர்க்யூட்னா சில மாநிலங்களுக்குப் பொதுவான ஃபெடரல் அப்பீல் கோர்ட்) டியாஸ்னு ஒரு வழக்குல இதையே பயன்படுத்துச்சு. அந்த ஆள் முன்னாடி கார் திருடுனவரு, அந்தக் காலத்துல குதிரை திருடுனா தூக்குதான், அதனால காரைத் திருடுனவருக்குத் துப்பாக்கி கூடாதுன்னு சொன்னா வரலாறோட ஒத்துப்போகுதுன்னு. நான் இதை நக்கலுக்கு சொல்லல, சட்டப்படி அது ஒரு ஒழுங்கான வாதம்தான், புரூயன் போட்ட ரூட்ல போனா இங்கதான் வந்து நிக்கணும். ஆனா எதிர்ப்பக்கம் கேக்குறதும் நியாயம்: தண்டனை முடிஞ்சு உயிரோட வெளிய வந்தவனைப் பத்திதானே இப்போ பேச்சு? அந்தக் காலத்துலயே எல்லா ஃபெலனிக்கும் தூக்கு இல்ல, பென்சில்வேனியா 1786-லயே கொள்ளை, வீடு புகுந்து திருடுறதுக்கெல்லாம் தூக்கை எடுத்துடுச்சு. தண்டனை அனுபவிச்சுட்டு வந்தவன் மறுபடி ஒரு துப்பாக்கி வாங்குறதைத் தடுத்தாங்கன்னு யாராலயும் காட்ட முடியல.

இந்தக் கூத்தை வெளிப்படையா போட்டு உடைச்சவர் மிசிசிப்பி ஃபெடரல் ஜட்ஜ் கார்ல்டன் ரீவ்ஸ். அவர் முன்னாடி வந்தது புல்லக்னு ஒருத்தர் வழக்கு, 1992-ல பார்ல நடந்த ஒரு சண்டையில ஆள் செத்த கேஸ்ல தண்டனை முடிச்சு வந்து, அப்புறம் துப்பாக்கி வச்சிருந்ததுக்கு மாட்டுனவரு. ரீவ்ஸ் ரெண்டு தரப்பையும் கேட்டாரு: நான் வரலாற்று ஆய்வாளர் இல்ல, சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளும் இல்ல, கோர்ட் சார்புல ஒரு வரலாற்று நிபுணரைப் போடவா? அரசாங்கம் வேண்டாம்னுச்சு. 2023 ஜூன்ல, புரூயன் சொன்ன மாதிரி வரலாறைக் காட்டுற பொறுப்பு உங்களுது, நீங்க காட்டலன்னு கேஸை டிஸ்மிஸ் பண்ணிட்டாரு. ரீவ்ஸ் புரூயனுக்கு ரசிகர் கிடையாது, இப்படித்தான் விதின்னா இதுதான் ரிசல்ட்னு அப்படியே எழுதி மேல அனுப்புன மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சது. 2024 டிசம்பர்ல அஞ்சாவது சர்க்யூட் அதை மாத்திடுச்சு, இவர் முன்னாடி பண்ணது வன்முறைக் குற்றம், இவருக்குத் தடை செல்லும்னு.

இதுக்கு நடுவுல சுப்ரீம் கோர்ட்டே கொஞ்சம் ரிவர்ஸ் கியர் போட்டுச்சு. 2024 ஜூன், ரஹிமி வழக்கு. டெக்சாஸ் ஆளு, காதலிய அடிச்சதுக்கு தடை உத்தரவு இருக்கு, அதுக்கப்புறமும் பல தடவ துப்பாக்கிச் சூட்டுல சம்பந்தப்பட்டவருன்னு போலீஸ் சொன்னாங்க, அதுல ஒண்ணு ஹாம்பர்கர் கடையில ஃப்ரெண்டோட கிரெடிட் கார்டு டிக்ளைன் ஆச்சுன்னு வானத்தைப் பார்த்து சுட்டது. துப்பாக்கி உரிமைக்காரங்க கனவுலகூட இப்படி ஒரு ஆளை முன்னாடி நிறுத்தணும்னு நினைச்சிருக்க மாட்டாங்க. புரூயனை வச்சு அஞ்சாவது சர்க்யூட் இவர் பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு, சுப்ரீம் கோர்ட் 8-1ல அதைத் தூக்கிடுச்சு, தாமஸ் மட்டும் தனியா நின்னாரு. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதுனது: பழைய சட்டத்தோட அச்சு அசல் ஜெராக்ஸ் தேட வேண்டாம், அதுக்குப் பின்னாடி இருக்குற கொள்கை ஒத்துப் போனா போதும், மத்தவங்களுக்கு நிஜமாவே ஆபத்தா இருக்கான்னு கோர்ட் கண்டுபிடிச்ச ஆளை தற்காலிகமா ஆயுதம் இல்லாம வைக்கலாம்.

ஆனா அந்தத் தீர்ப்புலயே இன்னொரு பக்கமும் இருக்கு. அரசாங்கம் வாதாடும்போது, பொறுப்பான குடிமக்களுக்கு மட்டும்தான் இந்த உரிமை, ரஹிமி பொறுப்பானவர் இல்லன்னு ஒரு வாதம் வச்சுச்சு. ராபர்ட்ஸ் அதை ஏத்துக்கல. பொறுப்புன்னா என்ன, ரொம்ப வழவழான்னு இருக்குன்னுட்டாரு. ஆக ஃபெலன் வழக்குல ரெண்டு பக்கமும் ரஹிமியைத் தூக்கிட்டு வந்துச்சு. ஒரு பக்கம் சொல்லுது, ஒரு கூட்டத்தை மொத்தமா ஆபத்துன்னு சட்டசபை முடிவு பண்ணலாம்னு கதவு திறந்துடுச்சு. இன்னொரு பக்கம் சொல்லுது, ரஹிமியில கோர்ட் அந்த ஆளைத் தனியா விசாரிச்சுல்ல ஆபத்துன்னு சொல்லுச்சு, தற்காலிகம்னு வேற சொல்லுச்சு, எங்களுக்கு ஆயுசுக்கும்ல போடுறீங்க? ரஹிமி முடிஞ்ச கையோட அரசாங்கமே சுப்ரீம் கோர்ட்டைக் கெஞ்சுச்சு, ஃபெலன் வழக்குல ரெண்டு மூணை இப்பவே எடுத்து ஒரேயடியா முடிச்சு விடுங்கன்னு. கோர்ட் எடுக்கல. ரேஞ்ச் உள்பட எல்லாத்தையும் 2024 ஜூலையில, ரஹிமியைப் படிச்சுட்டு மறுபடி யோசிங்கன்னு கீழ அனுப்பிடுச்சு. யோசிச்சு எல்லாரும் முன்னாடி சொன்னதையேதான் பெரும்பாலும் திருப்பிச் சொன்னாங்க.

இன்னைக்கு மேப் எப்படின்னா, நீங்க எந்த மாநிலத்துல இருக்கீங்கங்கிறதைப் பொறுத்து உங்க அரசியல் சாசன உரிமை மாறுது. மின்னசோட்டா, மிசோரி பக்கத்து எட்டாவது சர்க்யூட் ஜாக்சன் வழக்குல, என்ன ஃபெலனின்னு ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்க்குற வேலையே வேண்டாம், ஃபெலன்னா ஃபெலன்னு சொல்லிடுச்சு. கலிஃபோர்னியா இருக்குற ஒன்பதாவது சர்க்யூட்ல டுவார்டேன்னு வழக்கு, மூணு ஜட்ஜ் பெஞ்ச் 2024-ல அவர் பக்கம் தீர்ப்பு குடுத்து எல்லாரையும் அசர வச்சுது, 2025 மே மாசம் பெரிய பெஞ்ச் உக்காந்து அதை மாத்திடுச்சு. நியூயார்க் பக்கத்து ரெண்டாவது சர்க்யூட்டும் தடை பக்கம்தான். நாலாவது, பத்தாவது, பதினொண்ணாவது எல்லாம் அதே.

மறுபக்கம் பென்சில்வேனியா, நியூஜெர்சி பக்கத்து மூணாவது சர்க்யூட். 2023-ல 11-4, திருப்பி அனுப்பின பிறகு 2024 டிசம்பர்ல 13-2ன்னு இன்னும் பலமா ரேஞ்ச் ஜெயிச்சாரு. ஆனா தீர்ப்புல கவனமா எழுதி வச்சிருக்காங்க, இது ரொம்பக் குறுகலான தீர்ப்பு, இந்த ஆளுக்கு, இந்தக் குற்றத்துக்குன்னு. அரசாங்கம் அதை மேல சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகல, அதனால அங்க ரேஞ்ச் தீர்ப்பு நிக்குது.

எனக்குப் பிடிச்ச தீர்ப்பு, சரியோ தப்போ தெளிவா எழுதுனதுங்கிற அளவுல, ஆறாவது சர்க்யூட்டோட வில்லியம்ஸ் வழக்கு. 2024 ஆகஸ்ட், எழுதினது ஜட்ஜ் அமுல் தாப்பர், இந்திய வம்சாவளி. ஒஹாயோ, மிச்சிகன், கென்டக்கி, டென்னசிக்கு இதான் விதி. அவரு குற்றங்களை மூணா பிரிச்சாரு. கொலை, கொள்ளை மாதிரி நேரா ஆள் மேல பண்றது, இவங்க தப்பிக்கறது ரொம்பக் கஷ்டம். போதைப் பொருள் கடத்தல், வீடு புகுந்து திருடுறது மாதிரி, நேரா அடிக்கலைன்னாலும் எப்ப வேணா ரத்தம் வரக்கூடியது, இதுவும் பெரும்பாலும் ஆபத்துதான். மூணாவது, தபால் மோசடி, வரி ஏய்ப்பு, பொய் வாக்குமூலம், இதுல ஆபத்துன்னு சொல்றது கஷ்டம். கோர்ட் அந்த ஆளோட மொத்த ரெக்கார்டையும் பார்க்கணும். ஆனா நான் ஆபத்தானவன் இல்லன்னு நிரூபிக்கிற பொறுப்பு அந்த ஆளோடது. கடைசியில வில்லியம்ஸ் தோத்துட்டாரு, துப்பாக்கியக் காட்டிக் கொள்ளையடிச்ச ரெக்கார்ட் இருந்துச்சு.

இங்க ஒண்ணு சொல்லணும், என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த விவகாரத்துல இதான் முக்கியம், பேப்பர்ல இதை யாரும் சரியா எழுதுறதில்ல. செய்தியில வர்ற ஆளுங்க ரேஞ்ச், கான்டர் மாதிரி: வன்முறை இல்ல, ரொம்பப் பழைய கேஸ், அவங்களே வக்கீல் வச்சு, நான் துப்பாக்கி வாங்கலாமான்னு முன்கூட்டியே கேட்டு சிவில் வழக்கு போடுறவங்க. ஆனா இந்தச் சட்டத்துல வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல உள்ள போறவங்க இவங்க இல்ல. வண்டிய ஓரங்கட்டச் சொல்லி போலீஸ் நிறுத்துறாங்க, சீட்டுக்கு அடியில ஒரு பிஸ்டல், பேரைத் தட்டுனா பத்து வருஷம் முன்னாடி போதைப் பொருள் கேஸ். சுட்டானா இல்ல, மிரட்டுனானா இல்ல, வச்சிருந்தான். தண்டனை விவரம் தொகுக்குற ஃபெடரல் கமிஷன் கணக்குப்படி 922(ஜி)ல தண்டனை வாங்குறவங்கள்ல பாதிக்கு மேல கறுப்பினத்தவங்க. வழக்கமா அமெரிக்க அரசியல்ல துப்பாக்கி உரிமைன்னா வலதுசாரி, குற்றவாளி உரிமைன்னா இடதுசாரின்னு கோடு போட்டு வச்சிருக்கோம், இந்த விஷயத்துல அந்தக் கோடு அழிஞ்சே போச்சு. புரூயன் வழக்குலயே நியூயார்க்கோட கறுப்பின பப்ளிக் டிஃபெண்டர்கள், அதாவது காசில்லாதவங்களுக்கு அரசு செலவுல வாதாடுற வக்கீல்கள், துப்பாக்கி உரிமைக்காரங்க பக்கம் நின்னு மனு போட்டாங்க, இந்த லைசென்ஸ் சட்டத்தால உள்ள போறது எங்க கட்சிக்காரங்கதான்னு.

அதனால ஆபத்தானவனா இல்லயான்னு ஆளு ஆளா பார்க்கலாம்னு கோர்ட் சொன்னா, கேக்க நல்லா இருக்கு, ஆனா ஜெயிக்கப் போறது யாரு? ஃபுட் ஸ்டாம்ப் ஆளும் ஷூ பேட் ஆளும்தான். சீட்டுக்கு அடியில பிஸ்டல் வச்சிருந்தவன் போதைப் பொருள் வித்தவன்ங்கிறதால தாப்பரோட ரெண்டாவது கட்டத்துல விழுந்து தோப்பான். இன்னொரு சிக்கல், அவன் கேக்குறதே தப்பான நேரத்துல: துப்பாக்கியோட மாட்டி, 15 வருஷம் வரைக்கும் தலைக்கு மேல தொங்கும்போதுதான் நான் ஆபத்தானவன் இல்லன்னு வாதாடணும். மறுபக்கம் கவலைப்படுறவங்க சொல்றதையும் ஒதுக்க முடியாது. வச்சிருந்த ஆளு நாளைக்கு சுட்டா? ஆளு ஆளா முடிவு பண்ணா, நான் துப்பாக்கி வச்சுக்கலாமா கூடாதான்னு முன்கூட்டி யாருக்குமே தெரியாது, கடைக்காரனுக்கும் தெரியாது, 4473 கேள்விக்கு என்ன டிக் பண்றதுன்னே தெரியாது.

இதுக்கெல்லாம் கோர்ட்டே போக வேண்டாம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஏற்கனவே ஒரு வழி வச்சிருந்துச்சுங்கிறதுதான் இதுல பெரிய கூத்து. 925(சி)ன்னு ஒரு பிரிவு. ஃபெலன் அப்ளை பண்ணலாம், இவரால பொது பாதுகாப்புக்கு ஆபத்து இல்லன்னு தெரிஞ்சா அரசாங்கமே துப்பாக்கி உரிமையைத் திருப்பிக் குடுக்கலாம். இது யாருக்காக வந்துச்சு தெரியுமா? ஒரு கம்பெனிக்காக. வின்செஸ்டர் துப்பாக்கி தயாரிச்ச ஓலின் மாத்திசன் கம்பெனி 1965-ல, மருந்து ஏற்றுமதியில லஞ்சம் குடுத்த கேஸ்ல குற்றத்தை ஒத்துக்குச்சு. கம்பெனியே ஃபெலன் ஆயிடுச்சு, ஃபெலன் துப்பாக்கி அனுப்பக் கூடாது, அப்போ வின்செஸ்டர் தொழிற்சாலை என்ன ஆகுறது? அதுக்குன்னு திறந்த வழி இது, பிறகு தனி ஆளுங்களும் அதுலயே வந்தாங்க. 1992-ல காங்கிரஸ், துப்பாக்கி விஷயத்தைப் பார்க்குற ஏடிஎஃப் தனி ஆளுங்களோட இந்த அப்ளிகேஷனைப் பார்க்க ஒரு பைசா செலவு பண்ணக் கூடாதுன்னு பட்ஜெட்ல ஒரு வரி போட்டுச்சு, அதுல இருந்து வருஷா வருஷம் அந்த வரி. பிரிவு சட்டத்துல இருக்கும், பார்க்க ஆள் இருக்காது. 2002-ல டெக்சாஸ் துப்பாக்கி வியாபாரி ஒருத்தரு, மெக்சிகோவுக்கு சாப்பிடப் போனப்போ வண்டியில தோட்டா இருந்ததுக்கு அங்க தண்டனை வாங்குனவரு, ஏடிஎஃப் பார்க்கலன்னா கோர்ட் பார்க்கட்டும்னு போனாரு. சுப்ரீம் கோர்ட் ஒருமனதா முடியாதுன்னுச்சு, அவங்க மறுத்தாதானே நாங்க பார்க்க முடியும், அவங்க மறுக்கவும் இல்ல, பார்க்கவும் இல்லன்னு.

முப்பது வருஷத்துக்கு மேல பூட்டிக் கிடந்த அந்த வழியை 2025 மார்ச்ல டிரம்ப் அரசோட ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் திறந்துச்சு. டெக்னிக் சிம்பிள்: பட்ஜெட் தடை ஏடிஎஃப்புக்குத்தானே, வேலையை ஏடிஎஃப்கிட்ட இருந்து எடுத்து, அந்த டிபார்ட்மென்ட்டோட தலைவரான அட்டர்னி ஜெனரலோட ஆபீசுக்கு மாத்திட்டாங்க. மொதல் லிஸ்ட்ல பத்து பேரு, அதுல ஹாலிவுட் நடிகர் மெல் கிப்சனும் ஒருத்தர், அவருக்கு இருந்தது குடும்ப வன்முறை கேஸ். அதே வருஷம் ஜூலையில விதிமுறை வரைவு வந்துச்சு, வன்முறை ஃபெலன்களுக்கும் பாலியல் குற்றவாளிப் பட்டியல்ல இருக்குறவங்களுக்கும் சட்டவிரோதமா குடியேறினவங்களுக்கும் பொதுவா கிடையாதுன்னு.

இது நல்லதுதானேன்னு தோணும், ஆனா அரசாங்கம் இதை கோர்ட்ல கேடயமாவும் பயன்படுத்துது. யூட்டாவுல ஒரு பெண்மணி, போதைப் பழக்கத்துல இருந்தப்போ மளிகைக் கடையில 498.12 டாலருக்கு மோசடி செக் குடுத்து 2008-ல பேங்க் ஃப்ராடுன்னு தண்டனை ஆனவங்க, ஜெயில் இல்ல, ப்ரொபேஷன்தான். அப்புறம் பழக்கத்தை விட்டு, படிச்சு, சோஷியல் ஒர்க்கரா அடிமைப் பழக்கத்துல இருக்குறவங்களுக்கே சிகிச்சை குடுக்குறாங்க. பேங்க் ஃப்ராடுக்கு ஃபெடரல் சட்டத்துல 30 வருஷம் வரைக்கும் போடலாம், அதனால அவங்களுக்கும் ஆயுசுக்கும் தடை. பத்தாவது சர்க்யூட் ரெண்டு தடவையும் தள்ளிடுச்சு. வின்சென்ட் வழக்குன்னு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனப்போ அரசாங்கம் குடுத்த பதில்ல ஒண்ணு, இதை நீங்க எடுக்கணும்னு அவசியமே இல்ல, அதான் 925(சி) திறந்துட்டோமே, அப்ளை பண்ணட்டும். அதாவது ஆபத்தா இல்லயான்னு ஆளு ஆளா பார்க்கத்தான் போறாங்க, ஆனா அதை அரசியல் சாசனப்படி பார்க்குற ஜட்ஜ் பார்க்க மாட்டாரு, அட்டர்னி ஜெனரல் ஆபீஸ் பார்க்கும், அடுத்து வர்ற அரசாங்கம் அந்த ஆபீசை மறுபடி பூட்டிட்டா யாரும் பார்க்க மாட்டாங்க, சீட்டுக்கு அடியில பிஸ்டலோட ஏற்கனவே மாட்டி உள்ள இருக்குறவனுக்கு அந்தக் கேஸ்ல இது எந்த வகையிலயும் உதவாது.